விழுந்தவர் எழுந்தார், விடை எங்கே?
ஒரு துப்பறியும் தொடரும் பார்வையாளர் தடைகளும்

நூல் ஒன்றை ஆக்கியவர் அதை அவையில் வைத்துப் படிப்பதும், அவையோர் தடை எழுப்புவதும், ஆக்கியவர் விடை கூறுவதும் நம் பழைய வழக்கம். அரங்கேற்றம் என்று அதற்குப் பெயர். தடையில்லாத அரங்கேற்றம் சிறப்புடையது அன்று. தடை எழுந்து, அதற்குத் தக்க விடை கிடைத்த பின்னரே நூல் அவையின் சொத்தாகிறது.

இன்று வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பவர்களும் ஓர் அவையினரே. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம் வீடுகளில் பிள்ளைகள் ஆங்கிலத் துப்பறியும் தொடர்களைச் சீசன் சீசனாகப் பார்க்கிறார்கள். "அடுத்த சீசன் எப்போ வரும்?" என்று நாள் எண்ணுகிறார்கள். வந்த மறுநாளே "முதல் எபிசோடே சொதப்பிட்டாங்க" என்றோ, "சூப்பர்" என்றோ தீர்ப்பும் வழங்கிவிடுகிறார்கள். இத்தீர்ப்புகளை வெறும் அரட்டை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவற்றுள் நல்லதொரு தடை ஒளிந்திருக்குமானால் அதை எடுத்துப் பார்ப்பது திறனாய்வின் கடமை. அதற்குத் தக்க சான்றாக ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறேன். பி.பி.சி. தயாரித்த 'ஷெர்லாக்' தொடரின் மூன்றாம் பருவத்து முதல் கதை அது. பெயர் 'தி எம்ப்டி ஹெர்ஸ்', அதாவது 'காலிச் சவவண்டி'. 2014 ஜனவரி 1 அன்று பிரிட்டனில் ஒளிபரப்பானது.

(டாயில் எழுதிய மூலக் கதையின் நாயகரை 'ஹோம்ஸ்' என்றும், தொலைக்காட்சி நாயகரை 'ஷெர்லாக்' என்றும் இக்கட்டுரை குறிப்பிடும். குழப்பம் வராமலிருக்கவே இந்த ஏற்பாடு.)

வீழ்ச்சி

இத்தொடரை உருவாக்கியவர்கள் ஸ்டீவன் மொஃபாட், மார்க் கேட்டிஸ் இருவரும். 2010இல் தொடங்கியது. பருவத்துக்கு மூன்றே கதைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஷெர்லாக்காக பெனடிக்ட் கம்பர்பேட்ச்சும், நண்பர் ஜான் வாட்சனாக மார்ட்டின் ஃப்ரீமனும் நடித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டன் கதையை இருபத்தோராம் நூற்றாண்டு லண்டனுக்கு மாற்றிய துணிவு அதற்குப் பெயர் வாங்கித் தந்தது.

இரண்டாம் பருவத்தின் கடைசிக் கதை 2012 ஜனவரி 15 அன்று வந்தது. வில்லன் மோரியார்ட்டி ஷெர்லாக்கின் பெயரைக் கெடுத்து, அவரைப் போலித் துப்பறிவாளர் என்று ஊர் நம்பும்படி செய்துவிடுகிறான். கடைசியில் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் மொட்டைமாடியில், ஷெர்லாக் குதிக்காவிட்டால் அவருடைய நண்பர்கள் சாவார்கள் என்ற நிலை. மோரியார்ட்டி தன்னையே சுட்டுக்கொண்டு இறக்கிறான். கீழே தெருவில் நிற்கும் ஜான் கண்முன்னே ஷெர்லாக் குதிக்கிறார். நாடி பார்த்த ஜானுக்கு நாடி கிடைக்கவில்லை. அடக்கமும் நடக்கிறது. கல்லறையருகே ஜான் கலங்கி நிற்கிறார். அவர் திரும்பிப் போனதும், தூரத்தில் ஷெர்லாக் உயிரோடு நிற்பதைக் காட்டிவிட்டுப் படம் முடிகிறது.

இந்தக் கடைசிக் காட்சியைக் கவனிக்க வேண்டும். "ஷெர்லாக் செத்தாரா, பிழைத்தாரா?" என்பது கேள்வியாகவே விடப்படவில்லை. பிழைத்துவிட்டார் என்று தொடரே சொல்லிவிட்டது. பார்வையாளர் கையில் கொடுக்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: எப்படி? எல்லோரும் பார்க்கக்கூடிய ஏதோ ஒரு தடயத்தை எல்லோரும் தவறவிட்டுவிட்டார்கள் என்று மொஃபாட் வெளிப்படையாகவே சொன்னார். அதாவது, இது விடுகதை, விடை உங்கள் கண்முன்னேயே இருக்கிறது, தேடுங்கள் என்பது அழைப்பு.

மக்கள் தேடினார்கள். குப்பை ஏற்றிய லாரியில் விழுந்திருப்பார் என்றனர் சிலர். பிணவறையில் வேலை செய்யும் மாலி வேறொரு சடலத்தைத் தந்து உதவியிருப்பாள் என்றனர் சிலர். ஆய்வுக்கூடத்தில் ஷெர்லாக் ஒரு ரப்பர் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாரே, அதை அக்குளில் வைத்து அழுத்தி நாடியை நிறுத்தியிருப்பார் என்று கண்டுபிடித்தவர்களும் உண்டு. அந்த மருத்துவமனை அருகேயுள்ள சிவப்புத் தொலைபேசிக் கூண்டில், ஷெர்லாக்கை நாங்கள் நம்புகிறோம் என்னும் பொருள்படச் சீட்டுகளை ஒட்டினார்கள். 2013 நவம்பர் இறுதியில், ஒளிபரப்பு நாளை மலர்களால் எழுதிய ஒரு காலிச் சவவண்டியை பி.பி.சி. லண்டன் தெருக்களில் ஓட்டி விளம்பரம் செய்தது. முதல் இரவுக் கணக்கின்படியே ஏறத்தாழ 92 லட்சம் பேர் அந்நிகழ்ச்சியைப் பார்த்தார்கள். இரண்டு வருடக் காத்திருப்பு என்றால் சும்மாவா?

நூற்றிருபது ஆண்டுக்கு முந்தைய அவை

இந்தக் காத்திருப்பு புதிதன்று. 1893 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' மாத இதழில் ஆர்தர் கோனன் டாயில் தம் நாயகரை ஸ்விட்சர்லாந்தின் ரைகன்பாக் அருவியில் மோரியார்ட்டியோடு சேர்த்துத் தள்ளிவிட்டார். வரலாற்று நாவல்கள் எழுத வேண்டும், இந்தத் துப்பறிவாளர் குறுக்கே நிற்கிறார் என்பது அவருடைய மனக்குறை. இருபதாயிரம் பேர் சந்தாவை நிறுத்திவிட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அந்த எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாமோ தெரியாது. ஒரு பெண்மணி தம்மை மிருகம் என்று விளித்துக் கடிதம் தொடங்கியதை டாயிலே தம் தன்வரலாற்றில் பதிந்திருக்கிறார்.

1901–02இல் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' வந்தது. ஆனால் அது வீழ்ச்சிக்கு முந்திய காலத்துக் கதையாகச் சொல்லப்பட்டது. உண்மையான மீட்சி 1903இல்தான். அமெரிக்கப் பத்திரிகை ஒன்று தந்த பெருந்தொகையும் அதற்கொரு காரணம். 'காலி வீடு' என்ற அந்தக் கதையில், முதிய புத்தக வியாபாரி வேடத்தில் வந்த ஹோம்ஸ், வாட்சன் முன் வேடத்தைக் களைகிறார். வாட்சன் மயங்கி விழுகிறார். தெளிந்ததும் ஹோம்ஸ் செய்யும் முதல் வேலை என்ன தெரியுமா? இப்படித் திடீரென்று தோன்றி அதிர்ச்சி கொடுத்ததற்காக வருத்தம் தெரிவிப்பதுதான். அதன் பிறகு நேருக்கு நேர் உட்கார்ந்து, மல்யுத்த வித்தையால் மோரியார்ட்டியின் பிடியிலிருந்து நழுவியது, பாறையில் ஏறி ஒளிந்தது, திபெத் வரை அலைந்தது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். விளக்கம் கொஞ்சம் பலவீனமானதே. ஆனால் அது கேட்டவருக்கு மரியாதையோடு சொல்லப்பட்ட விளக்கம்.

அன்றைய வாசகர்களும் சும்மா விடவில்லை. அருவியில் விழுந்தபோது ஹோம்ஸ் செத்திருக்க மாட்டார், ஆனால் அதற்குப் பிறகு அவர் பழைய ஆளாக இல்லை என்று கார்ன்வால் படகோட்டி ஒருவர் தம்மிடம் சொன்னதை டாயில் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். புதிய பருவத்தின் முதல் கதை பற்றிப் பார்வையாளர் சொன்ன கருத்து என்றால் இதைத்தான் அதன் மூலப்படி என்று சொல்ல வேண்டும்! 1911இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரொனால்ட் நாக்ஸ் என்பவர் விளையாட்டாக ஓர் ஆய்வுரை வாசித்தார். விவிலிய ஆராய்ச்சியாளர் பாணியைக் கேலி செய்து, மீட்சிக்குப் பிந்திய கதைகள் வாட்சன் கட்டிவிட்டவை என்று அதில் வாதிட்டார். அதே நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். துப்பறிவாளர் காணும் தடயம் வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. இரட்டையரோ, ஒரே சாயல் உடையவரோ முன்னறிவிப்பின்றி வரக்கூடாது என்பது இன்னொன்று. இந்த இரண்டும் நமக்குப் பின்னால் பயன்படும். மறவாதிருக்க வேண்டுகிறேன்.

மூன்று விடைகள்

கேட்டிஸ் எழுதி, ஜெரமி லவரிங் இயக்கிய 'காலிச் சவவண்டி'யில் அந்த ஒரு கேள்விக்கு மூன்று விடைகள் வருகின்றன.

முதலாவது, படம் தொடங்கியதுமே வருகிறது. ஷெர்லாக் இடுப்பில் கயிறு கட்டிக் குதித்து, பாதியில் மேலெழும்பி, கண்ணாடிச் சன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே போய், மாலிக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு நடக்கிறார். மோரியார்ட்டியின் சடலத்துக்கு ஷெர்லாக் முகமூடி மாட்டிக் கீழே கிடத்துகிறார்கள். மனவசியக் கலைஞர் டெரன் பிரவுன் வந்து ஜானை மயக்கி உறங்கவைக்கிறார். இவ்வளவும் ஆண்டர்சன் என்பவரின் கற்பனை என்று பிறகுதான் தெரிகிறது. காவல்துறைத் தடய நிபுணராக இருந்து ஷெர்லாக் மீது சந்தேகத்தைக் கிளப்பியவர்களில் ஒருவர் இந்த ஆண்டர்சன். குற்றவுணர்ச்சியால் இப்போது தாடி வளர்த்து, ஷெர்லாக் உயிரோடிருக்கிறார் என்று நம்பும் சிலரைக் கூட்டி ஒரு குழு நடத்துகிறார். அக்குழுவின் பெயரே 'காலிச் சவவண்டி'.

இரண்டாவது, அக்குழுவில் உள்ள ஒரு பெண் சொல்வது. மொட்டைமாடியில் ஷெர்லாக்கும் மோரியார்ட்டியும் ஒரு பொம்மையைத் தள்ளிவிட்டுச் சிரித்து, ஒருவரையொருவர் நெருங்குகிறார்கள். ஆண்டர்சன் கோபப்பட்டு நிறுத்துகிறார்.

மூன்றாவது, ஷெர்லாக்கே ஆண்டர்சனிடம் சொல்வது. அண்ணன் மைக்ராஃப்ட்டும் அவரும் பதின்மூன்று வழிகளை முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள். தெரு முழுவதும் அவர்களுடைய ஆட்கள். கீழே காற்றடைத்த மெத்தை. ஜான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இடையிலுள்ள தாழ்ந்த கட்டடம் தரையை மறைக்கும். ஷெர்லாக் சாயலுள்ள ஒருவனுடைய சடலம் ஒரு கணம் கிடத்தப்படுகிறது. ஜானை ஒரு சைக்கிள்காரர் இடித்துத் தள்ளித் தாமதப்படுத்துகிறார். அக்குளில் பந்து. நாடி நின்றுவிடுகிறது.

கேட்டு முடித்த ஆண்டர்சன் தமக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருப்பதாகச் சொல்கிறார். எல்லாரும் விமர்சகர்களாகிவிட்டார்கள் என்ற பாவனையில் ஷெர்லாக் அலுத்துக்கொள்கிறார். பிறகு ஆண்டர்சன் ஐயங்களை அடுக்குகிறார். ஷெர்லாக் ஏன் தம்மிடம் வந்து உண்மை சொல்ல வேண்டும் என்றும் யோசிக்கிறார். திரும்பிப் பார்த்தால் ஷெர்லாக் இல்லை. ஆண்டர்சன் பித்துப் பிடித்தவர்போல் சிரித்துக்கொண்டே சுவரில் ஒட்டிய காகிதங்களைக் கிழிக்கிறார். மூன்றாவது விடை மெய்யா பொய்யா என்பதும் தொங்கலிலேயே விடப்படுகிறது.

அவையில் எழுந்த தடைகள்

பார்த்தவர்கள் இரண்டு கட்சியானார்கள். நம்மவர் கூடும் இடங்களிலும் இந்தக் கட்சிப் பிரிவைக் கேட்கலாம்.

"எப்படித் தப்பிச்சார்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே சார். ரெண்டு வருஷம் மண்டையை உடைச்சிக்கிட்டவன் முட்டாளா?"

"அதை விடுங்க. ரெண்டு நண்பர்களும் மறுபடி சேர்ந்தாங்களா இல்லையா? எனக்கு அது போதும். எவ்வளவு சிரிச்சேன் தெரியுமா!"

இவ்விரண்டு குரல்களுக்கும் தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் பெயர் தருகிறது. எட்டு மெய்ப்பாடுகளில் மருட்கை ஒன்று. அதாவது வியப்பு. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கு நிலைக்களன்களில் அது பிறக்கும். மொட்டைமாடியிலிருந்து விழுந்தவர் உயிரோடு நிற்பது மருட்கைக்குரிய பொருள். 2012இல் தொடர் விதைத்தது மருட்கை. 2014இல் அறுவடை செய்தது நகை. அதிலும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கில் எள்ளலே மிகுதி. சோறு கேட்டவருக்குப் பாயசம் கொடுத்த கதை இது. பாயசம் இனிப்புதான். பசித்தவர் முகம் சுளித்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா?

எள்ளலுக்குப் பேராசிரியர் இரு வகை கூறுகிறார்: தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் தான் எள்ளப்பட்டபோது நகுதல். ஆண்டர்சன் குழுவின் காட்சிகளைப் பார்த்தவர்களில் ஒரு சாரார் தம்மையே திரையில் கண்டு, "நாமும் இப்படித்தானே கிறுக்குப் பிடிச்சு அலைஞ்சோம்" என்று மகிழ்ந்து சிரித்தார்கள். மற்றொரு சாரார் தம்மைப் பார்த்து யாரோ சிரிப்பதாக உணர்ந்தார்கள். இருவரும் கண்டது ஒரே காட்சி. எனவே இந்தக் கருத்து வேற்றுமை ரசனைக் குறைவால் வந்தது அன்று. ஒரே எள்ளலின் இரு முகங்களால் வந்தது.

வேறு சில தடைகளும் எழுந்தன. நாடாளுமன்றத்தைத் தகர்க்கச் சுரங்க ரயில் பெட்டியையே வெடிகுண்டாக்கும் சதி மெலிதாக இருக்கிறது. மோரன் பிரபு என்ற சதிகாரர் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இத்தடை நியாயமானதே. கதை நேரத்தில் பெரும்பங்கை உணவகச் சண்டையும், ஜானின் மீசையைப் பற்றிய கிண்டலும் எடுத்துக்கொண்டன. பழைய கதையைப் படித்தவர்களுக்கு மட்டும் புரியும் குறும்புகளும் உண்டு. ஜானின் மருத்துவ அறைக்கு வரும் கிழவரை ஷெர்லாக் வேடம் என்று எண்ணி அவர் தாடியைப் பிடித்து ஜான் இழுக்கிறார். கிழவர் உண்மையிலேயே கிழவர். டாயிலின் புத்தக வியாபாரியை நினைவூட்டும் இந்த இடத்தில் நானும் சிரித்தேன். ஷெர்லாக்கின் பெற்றோராக கம்பர்பேட்ச்சின் சொந்தப் பெற்றோரே நடித்திருப்பதும் இவ்வகைக் குறும்பே.

விடை இருந்தது

தொடரின் பக்கம் நின்று வாதிடுவோர் சொல்வது இது: இரண்டு ஆண்டு ஊகித்த பிறகு எந்த விடையைச் சொன்னாலும் சப்பென்றுதான் இருக்கும். மாயவித்தைக்காரன் சூட்சுமத்தைச் சொன்ன மறுகணமே வித்தை செத்துவிடும். ஆகவே விடையைத் தொங்கவிட்டதே கலை.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மூன்றாவது விடையை நாக்ஸின் கட்டளைகளோடு வைத்துப் பாருங்கள். சாயல் ஒத்த சடலம் வருகிறதே, அதற்கு முன்னறிவிப்பு உண்டா? உண்டு. 2012 கதையில், கடத்தப்பட்டு மீட்கப்பட்ட சிறுமி ஷெர்லாக்கைக் கண்டதும் வீறிட்டு அலறுகிறாள். அவரைப் போன்ற ஒருவன்தான் அவளைக் கடத்தினான் என்பதே அந்த அலறலின் பொருள். பந்து காட்டப்பட்டது. ஷெர்லாக் மாலியிடம் போய் உதவி கேட்டது காட்டப்பட்டது. ஜானை நகர வேண்டாம், அங்கேயே நில் என்று தொலைபேசியில் கெஞ்சியது காட்டப்பட்டது. தடயம் அத்தனையும் அவைமுன் வைக்கப்பட்டவை. அவற்றை ஒழுங்காகத் தைத்தால் கிடைப்பது மூன்றாவது விடைதான். நிறையப் பார்வையாளர்கள் இதன் பகுதிகளைச் சரியாகவே ஊகித்துமிருந்தார்கள்.

ஆக, நேர்மையான விடை ஒன்று இருந்தது. பார்வையாளர் உழைப்பும் வீண்போகவில்லை. ஆனால் தொடர் அந்த விடையைத் தன்னுடையது என்று ஏற்று நிற்கவில்லை. ஏமாற்றம் என்று பார்வையாளர் சொல்லுமுன்பே, ஏமாற்றம் என்று சொல்லும் ஒரு கோமாளியைத் திரையில் நிறுத்திவிட்டது. அரங்கேற்றத்தில் தடை எழுமுன்பே, தடை எழுப்பக்கூடியவரை நையாண்டி செய்துவிட்டால் அவை வாயடைத்துப் போகும். இனி யார் "ஆனால்..." என்று தொடங்கினாலும் அவர் ஆண்டர்சன் ஆகிவிடுவாரே! இதை நான் கலைத்திறன் என்று கொள்ளவில்லை. முன்ஜாமீன் என்றே கொள்கிறேன்.

இதே தொடரின் முந்தைய பருவத் தொடக்கத்தை ஒப்பிட்டால் இது விளங்கும். முதற்பருவத்தின் முடிவில் நீச்சல் குளத்தருகே ஷெர்லாக், ஜான், மோரியார்ட்டி மூவரும் வெடிகுண்டின் நடுவே நின்றார்கள். 2012 ஜனவரி 1 அன்று வந்த தொடர்ச்சியில் மோரியார்ட்டியின் கைப்பேசி அடித்தது. பேசினான், போய்விட்டான். அவ்வளவுதான் முடிச்சவிழ்ப்பு. அறிவுக்கு அது இன்னும் சப்பையான விடை. இருந்தும் அங்கே இப்படிப்பட்ட பூசல் எழவில்லை. காரணம், அங்கே பார்வையாளர் கையில் தரப்பட்டது ஆபத்து. விடுகதை தரப்படவில்லை. ஆபத்து எப்படி நீங்கினாலும் மனம் ஏற்கும். விடுகதை போட்டவர் மட்டும் விடை சொல்லியே ஆக வேண்டும். நம் பாட்டிமார் விடுகதை போட்டுவிட்டு, விடை கேட்ட பேரனைப் பார்த்து "போடா பைத்தியக்காரா" என்று சொன்னதுண்டா?

எப்படி, ஏன்

இனி, நண்பர்கள் சேர்ந்தால் போதும் என்ற கட்சிக்கு வருவோம். இக்கட்சிக்கு வலுவான ஆதாரம் கதைக்குள்ளேயே இருக்கிறது. உணவகத்தில் ஜான் மேரியிடம் திருமணம் பேச வாயெடுக்கும் வேளையில், ஷெர்லாக் பரிசாரகர் வேடத்தில் மீசை வரைந்துகொண்டு வந்து நிற்கிறார். டாயிலின் வாட்சன் மயங்கி விழுந்தார். இந்த ஜான் பாய்ந்து கழுத்தைப் பிடிக்கிறார். ஷெர்லாக் ஆவலாக 'எப்படி' என்பதை விளக்கத் தொடங்குகிறார். ஜானோ, எப்படி என்பதெல்லாம் எனக்கு வேண்டாம், ஏன் என்று சொல் என்கிறார். தம்மை ஈராண்டு துக்கத்தில் தவிக்கவிட்டது ஏன்? மாலிக்கும் மைக்ராஃப்ட்டுக்கும் தெரிந்தது தமக்குத் தெரியாமல் போனது ஏன்?

இந்த இடம் அருமையான இடம். கேள்வியை அறிவிலிருந்து மனத்துக்கு மாற்றுகிறது. டாயிலின் கதையில் இல்லாத ஒன்று இது. டாயிலின் வாட்சன் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. சாவுத் துக்கம் காத்தவன், செத்தவர் திரும்பி வந்தால் முதலில் மகிழ்வானா, வெகுள்வானா? இந்த வினாவுக்காகவே இந்நிகழ்ச்சியைப் பார்க்கலாம். ஃப்ரீமனின் முகத்தில் அழுகையும் வெகுளியும் உவகையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இறங்குவது பெரும் நடிப்பு.

சரி, 'எப்படி'யை விட்டுவிட்டு 'ஏன்' என்பதைக் கையில் எடுத்தால், அதையாவது நேர்மையாக முடித்தார்களா? கடைசியில் சுரங்க ரயில் பெட்டியில் இருவரும் குண்டோடு அகப்படுகிறார்கள். குண்டை நிறுத்தத் தமக்குத் தெரியவில்லை என்று சொல்லி ஷெர்லாக் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறார். சாவு நெருங்கிவிட்டது என்று நம்பிய ஜான், மனத்தைக் கல்லாக்கி நின்றவர், நெகிழ்ந்து மன்னிக்கிறார். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டத்தில் காட்சியை வெட்டி, ஆண்டர்சனிடம் மூன்றாவது விடை சொல்லும் காட்சியை நுழைக்கிறார்கள். மறுபடி பெட்டிக்குத் திரும்பினால் ஷெர்லாக் விழுந்து விழுந்து சிரிக்கிறார். குண்டை நிறுத்தும் விசையை அவர் முன்னமே கண்டு நிறுத்திவிட்டார்!

ஜானின் மன்னிப்பு ஏமாற்றிப் பெற்ற மன்னிப்பு. நண்பரைப் பொய்ச் சாவால் அழவைத்தவர், அந்தக் குற்றத்துக்கான மன்னிப்பையும் இன்னொரு பொய்ச் சாவைக் காட்டியே வாங்குகிறார். ஷெர்லாக்கின் குணம் அதுதான், அவர் திருந்தாத ஆள், அதைத்தான் தொடர் காட்டுகிறது என்று சொல்லலாம். அப்படியானால் ஜான் அதைக் கண்டு வருந்த வேண்டும். தொடரோ அந்த ஏமாற்றையும் சிரிப்பாக்கித் தாண்டிப் போய்விடுகிறது. 'ஏன்' என்ற கேள்விக்கும் விடை கிடைக்கவில்லை. அதற்கும் நகைதான் கிடைத்தது.

இங்கேதான் இரண்டு கட்சியும் ஒன்றுசேர்கின்றன என்பது என் கருத்து. விடுகதைக்கு விடை கேட்டவரை ஆண்டர்சன் ஆக்கினார்கள். மனத்துக்கு விடை கேட்ட ஜானையும் சற்றேறக்குறைய ஆண்டர்சன் ஆக்கிவிட்டார்கள். காட்சி வெட்டு அதை வெளிப்படையாகவே காட்டிக்கொடுக்கிறது. ஒருவரை ஏமாற்றும் காட்சிக்கு நடுவே மற்றவரை ஏமாற்றும் காட்சி. நண்பர்கள் சேர்ந்தால் போதும் என்றவர்களும் இதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாம்.

பின்னால் நடந்தது

அந்தத் தடையை அன்றே காதில் வாங்கியிருக்கலாம். 2017இல் நான்காம் பருவம் வந்தபோது, புதிர் தேய்ந்து பரபரப்பு ஓங்கிவிட்டது என்ற குறை முன்னிலும் உரக்க எழுந்தது. 2017 ஜனவரி 1 அன்று வந்த அப்பருவத்தின் முதல் கதையைப் பற்றி 'கார்டியன்' நாளேட்டில் குறைகூறும் கட்டுரை வெளிவந்தது. நாயகர் துப்பறிவாளராக இல்லாமல் சாகசக்காரராகிவிட்டார் என்பது அதன் சாரம். கேட்டிஸ் அதற்குச் செய்யுளிலேயே மறுப்பு எழுதினார். டாயிலும் 1912இல் தம்மைக் குறைகூறிய ஒரு கவிஞருக்குச் செய்யுளில் விடை எழுதியவர்தான். படைத்தவர் வேறு, படைக்கப்பட்ட பாத்திரம் வேறு, பாத்திரத்தின் கர்வத்தை என் தலையில் கட்டாதீர்கள் என்பது டாயில் சொன்ன விடை. தடைக்குப் பாட்டாலேயே விடை சொல்லும் மரபு நமக்கு அன்னியமானதன்று. கேட்டிஸின் பாட்டு குறைகூறியவரை நேரே நோக்கிப் பேசியது. திரைக்குள் ஆண்டர்சனை நிறுத்திக் கேலி செய்ததைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

முடிவுரை

இவ்வளவும் சொன்னதால், 'காலிச் சவவண்டி' மோசமான படைப்பு என்பது என் முடிவு என்று கொள்ள வேண்டாம். ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாத நிகழ்ச்சி அது. ஜானின் கோபம் ஒன்றுக்காகவே அதை நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம். பார்த்து முடித்ததும் அவர்கள் "ஏமாத்திட்டாங்கப்பா" என்று சொன்னால், "சும்மா கதைதானே, விடு" என்று சொல்லி அணைத்துவிடாதீர்கள். எந்த இடத்தில் ஏமாற்றினார்கள், என்ன வாக்குக் கொடுத்துவிட்டு எதைக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அவர்களே தடயங்களை எடுத்து வைத்து வாதிடுவார்கள். சிறுமியின் அலறலையும் ரப்பர் பந்தையும் பெரியவர்களுக்கு முன்பே அவர்கள் கவனித்திருப்பார்கள். நூலின் பொருளைத் தடைவிடைகளால் தெளிதல் என்று நம் முன்னோர் சொன்ன பயிற்சி அதுவே.

கார்ன்வால் படகோட்டி இலக்கியம் படித்தவர் அல்லர். ஹோம்ஸ் பழைய ஆளாக இல்லை என்று அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை டாயில் மறக்காமல் எழுதிவைத்தார். அந்தப் படகோட்டியும், தொலைபேசிக் கூண்டில் சீட்டு ஒட்டியவர்களும், இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு "விடை எங்கே?" என்று கேட்டவர்களும் ஓர் அவையினர். தடை எழுப்புபவர் கதைக்குப் பகைவர் அல்லர். கதையைக் கடைசி வரை காது கொடுத்துக் கேட்டவர் அவர். அவருக்கு விடை சொல்ல வேண்டியது கதை சொன்னவர் பட்ட கடன்.